சம்பூர் நிலக்கரி அனல் மின் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் ஒன்று அமைக்கப்படவிருந்தது என்பதும், அது இறுதியில் கட்டப்படவில்லை என்பதும் பலருக்குத் தெரியும். அதற்கு மேல் பேச்சு போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. புலம்பெயர்ந்த உறவினர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், மூதூர்ப் பகுதிக்கு மாற்றலாகி வரும் அலுவலர்கள் என்று பலரும் ஒரே ஐயங்களையே மீண்டும் மீண்டும் கேட்டதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

சம்பூர் எங்கே இருக்கிறது? அங்கே சரியாக என்ன கட்டப் போனார்கள்?

திருகோணமலை நகரில் நின்று தெற்கே கடலைப் பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் தெரியும் கரைதான் மூதூர்ப் பிரதேசம். அதன் கிழக்குப் பகுதியில், குடாவுக்கும் ஆழ்கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் சம்பூர் அமைந்துள்ளது. கூனித்தீவு, சூடைக்குடா, நவரத்தினபுரம், கடற்கரைச்சேனை ஆகியவை அதை அடுத்துள்ள ஊர்கள். நெல் வயல், மேட்டுநிலப் பயிர், மாடு, கடற்றொழில் ஆகியவற்றைக் கொண்டு வாழ்ந்த இவ்வூர்களின் நடுவே சம்பூர் பத்திரகாளி அம்மன் கோயில் இருக்கிறது.

இங்கே தலா 250 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு அலகுகளை அமைப்பது திட்டம். செலவு ஏறக்குறைய 50 கோடி அமெரிக்க டொலர் என்று மதிப்பிடப்பட்டது. நிலக்கரி கப்பலில் வந்திறங்க ஓர் இறங்குதுறை, அதைக் குவித்து வைக்க ஒரு முற்றம், சாம்பல் கொட்ட ஒரு பள்ளம், மின்சாரத்தை நாட்டின் வலையமைப்புக்குக் கொண்டு செல்ல ஒரு பரிமாற்றப் பாதை ஆகியவையும் இதனோடு சேர்ந்தவை. ஆகவே 'மின் நிலையம்' என்று ஒரு கட்டடத்தை மட்டும் மனத்தில் கொள்ளாமல், சுமார் 500 ஏக்கர் நிலத்தையும் அதை ஒட்டிய கடலையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இது இந்தியாவின் திட்டமா, இலங்கையின் திட்டமா?

இரண்டு நாடுகளுக்கும் சரிபாதிப் பங்குள்ள திட்டம். இந்திய அரசுத்துறை நிறுவனமான தேசிய அனல் மின் கழகமும் (என்.டி.பி.சி.) இலங்கை மின்சார சபையும் 2006 டிசம்பர் 29 அன்று இலங்கை அரசுடன் சேர்ந்து முதல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கூட்டு முயற்சி ஒப்பந்தம் 2011 செப்டம்பரில் கைச்சாத்தாகி, 'திருகோணமலை மின்சாரக் கம்பனி' என்ற நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மின் கொள்வனவு ஒப்பந்தம் 2013 அக்டோபரில்தான் வந்தது. முதல் கையெழுத்துக்கும் மின்சாரத்தை யார் வாங்குவது என்ற ஒப்பந்தத்துக்கும் இடையே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதைக் கவனத்தில் வைத்திருங்கள். விலை, வரிச்சலுகை, யார் எதைக் கட்டுவது என்ற பேரங்களிலேயே அந்தக் காலம் கழிந்தது. அந்தத் தாமதம் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடையாகிறது.

ஏன் குறிப்பாகச் சம்பூர்? வேறு இடமே கிடைக்கவில்லையா?

பொறியியல் காரணங்கள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. கொட்டியாரக் குடாவின் நடுவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது. பெரிய கப்பல்கள் வருவதற்குத் தேவையான ஆழம் உலகில் எல்லாக் குடாக்களுக்கும் வாய்ப்பதில்லை. குளிரூட்டக் கடல்நீர் அருகிலேயே உண்டு. திருகோணமலையில் நிலக்கரி நிலையம் அமைக்கும் யோசனையும் புதிதன்று. 1980களிலேயே அது பேசப்பட்டது.

ஆனால் 2006இல் சம்பூரைத் தேர்ந்தெடுக்க உதவிய இன்னொரு நிலைமை எந்தப் பொறியியல் அறிக்கையிலும் இடம்பெறக்கூடியதன்று. அந்த வேளையில் அந்த நிலத்தில் மக்கள் இல்லை. எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் முகாம்களில் இருந்தார்கள்.

அப்படியானால் மின் நிலையத்துக்காகத்தான் மக்களைத் துரத்தினார்களா?

இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்பவர்கள் உண்டு. நாட்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதே நேர்மையானது. 2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பில் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அதே நாளில், அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூர்ப் பகுதி மீது வான்தாக்குதலும் எறிகணை வீச்சும் தொடங்கின. மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். பலர் வாகரை வழியாக மட்டக்களப்பு வரை போய், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தங்க வைக்கப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 4 அன்று சம்பூர் இராணுவத்தின் வசமானது. மின் நிலைய உடன்படிக்கை கையெழுத்தானது அதற்கு நான்கு மாதங்களுக்குள். 2007 மே மாத இறுதியில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன.

எனவே மக்களை வெளியேற்றியது போர். ஆனால் போர் முடிந்த பிறகும் அவர்களைத் திரும்பவிடாமல் வைத்ததில் உயர் பாதுகாப்பு வலயத்துக்கும், கடற்படை முகாமுக்கும், கைத்தொழில் வலயத்துக்கும், இந்த மின் நிலையத் திட்டத்துக்கும் பங்கு உண்டு. 2009இல் போர் முடிந்துவிட்டது. சம்பூர்க் குடும்பங்கள் 2015இலும் முகாமில் இருந்தன. இந்த ஆண்டுகளைத்தான் மின் நிலையம் பற்றிய எந்தப் பேச்சும் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஊரின் பிள்ளைகள் தங்கள் ஊரைக் காணாமலேயே பத்து வயதை எட்டினார்கள்.

818 ஏக்கர் என்கிறார்கள், 500 ஏக்கர் என்கிறார்கள், 237 ஏக்கர் என்கிறார்கள். எது சரி?

மூன்றும் சரி, மூன்றும் வெவ்வேறு காணிகள். இவற்றை ஒன்றாகக் குழப்புவதால்தான் 'சம்பூர்க் காணி முழுவதும் விடுவிக்கப்பட்டுவிட்டதே' என்ற தவறான எண்ணம் உண்டாகிறது.

818 ஏக்கர் என்பது 2012இல் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் காலத்தில் கனரகக் கைத்தொழில் வலயமாக அறிவிக்கப்பட்டு, முதலீட்டுச் சபையினூடாக ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலம். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2015 மே மாதம் அந்த அறிவித்தலை நீக்கினார்; அதே ஆண்டு ஆகஸ்டில் சம்பூருக்கு நேரில் வந்து காணி ஆவணங்களை வழங்கினார். சுமார் 237 ஏக்கர் என்பது கடற்படை முகாம் இருந்த நிலம். முகாம் இடம் மாற்றப்பட்டபின் அதுவும் விடுவிக்கப்பட்டது. சுமார் 500 ஏக்கர் என்பதே நிலக்கரி மின் நிலையத்துக்கு ஒதுக்கியது. முதல் இரண்டும் மக்களிடம் திரும்பின. மூன்றாவது அவ்வாறு திரும்பவில்லை.

நிலக்கரி நிலையம் என்றால் அப்படி என்ன கெடுதல்? புகைதானே?

புகை ஒரு பகுதி மட்டுமே. கணக்கைப் பார்ப்போம். 500 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஓடினால், நல்ல தரமான இறக்குமதி நிலக்கரியாக இருந்தாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,900 தொன் எரியும். அதில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும் என்று கொண்டால் நாளுக்கு 400 முதல் 500 தொன் சாம்பல். அதில் ஒரு பகுதியைச் சீமெந்து ஆலைகள் வாங்கும். மீதி அங்கேயே குவியும். ஆண்டு முழுவதும் சராசரியாக முக்கால் பங்கு திறனில் ஓடினால் வெளியாகும் கரியமில வாயு ஏறத்தாழ 30 இலட்சம் தொன். கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகளும் பாதரசமும் தனி.

ஊர்மக்கள் அதிகம் அஞ்சியது தூசியைத்தான், அது நியாயமான அச்சம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் காற்று கடலிலிருந்து கரைக்கு, அதாவது சம்பூர்க் கரையிலிருந்து மூதூர், தோப்பூர்ப் பக்கத்து வயல்களையும் குடியிருப்புகளையும் நோக்கி வரும். திறந்த முற்றத்தில் குவிந்திருக்கும் நிலக்கரியும் உலர்ந்த சாம்பலும் அந்தக் காற்றில் எழும்பினால் போய்ச் சேரும் இடம் பெரும்போக நெல். நீர் தெளித்தும் மூடியும் தூசியைக் கட்டுப்படுத்தலாம் என்று நிறுவனங்கள் சொல்லும். முடியும்தான், ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்தால்.

கடற்றொழிலாளர் ஏன் இவ்வளவு எதிர்த்தார்கள்? கடலில் எதையும் கொட்டப் போவதில்லை என்றார்களே?

கொட்டவிருந்தது சூடான நீர். அனல் மின் நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்நீர் சுமந்து செல்ல வேண்டும். கடல்நீரை ஒருமுறை உறிஞ்சி, நீராவியைக் குளிர்வித்து, மீண்டும் கடலில் விடும் முறையில், நீரின் வெப்பம் 7 பாகை செல்சியஸ் உயர்வதாக வைத்துக்கொண்டால், இந்த அளவு நிலையத்துக்கு மணிக்கு 8 முதல் 9 கோடி லீற்றர் நீர் தேவை. ஒவ்வொரு மணிக்கும், இரவும் பகலும். உறிஞ்சும் நீரோடு மீன்முட்டைகளும் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் உள்ளே போகும். வெளியே வரும் நீர் கரையோரத்தை வெப்பமாக்கும்.

கொட்டியாரக் குடா மகாவலி கங்கை கடலில் கலக்கும் இடம். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் ஆழம் குறைந்த ஓரங்களில்தான் மீன் பெருகுகிறது. கரைவலைக்காரரும் சிறு தோணிக்காரரும் தொழில் செய்வதும் அங்கேதான். குடாவின் நடுப்பகுதி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது இவர்களுக்கு ஆறுதலாகாது. இறங்குதுறைக்கும் கப்பல் வழிக்கும் ஒதுக்கும் கடலில் வலை போட முடியாது என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பூரின் தமிழ்க் கடற்றொழிலாளரும் மூதூரின் முஸ்லிம் கடற்றொழிலாளரும் இந்த விடயத்தில் ஒரே குரலில் பேசியதற்குக் காரணம், இரு தரப்பும் இழக்கவிருந்தது ஒரே கடல். அந்த மாவட்டத்தின் கடந்தகாலத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஒற்றுமையின் மதிப்பு புரியும்.

நுரைச்சோலையில் மட்டும் கட்டினார்களே, அங்கே மக்கள் இல்லையா?

இருந்தார்கள், எதிர்த்தும் இருந்தார்கள். புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் சீனக் கடனுதவியுடன் கட்டப்பட்ட 900 மெகாவாட் நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. மூன்று அலகுகளும் 2014இல் நிறைவுற்றன. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கை அது தருகிறது. எண்ணெயில் மின்சாரம் எடுப்பதைவிட அதன் செலவு குறைவு என்பதும் உண்மை. அதேவேளை நிலக்கரித் தூசும் சாம்பலும் தங்கள் பயிர்களில் படிகின்றன என்று அங்குள்ள விவசாயிகள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள்.

சம்பூருக்கு நுரைச்சோலை ஒரு முன்னோட்டமாக அமைந்தது. மேலே சொன்ன ஏழாண்டுத் தாமதம் இல்லாதிருந்தால், நுரைச்சோலையின் அனுபவத்தைக் காட்டி வாதிடும் வாய்ப்பே சம்பூர் மக்களுக்குக் கிடைத்திராது.

சரி, கடைசியில் யார் நிறுத்தினார்கள்? நீதிமன்றமா, மக்களா, இந்தியாவா?

மூன்று ஓட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது, ஊர் திரும்பிய மக்களும் திருகோணமலை மாவட்டத்து அமைப்புகளும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் நடத்திய எதிர்ப்பு. முகாமில் இருந்தபோது கேட்க முடியாதவற்றை, வீட்டு வளவில் நின்றபோது கேட்டார்கள். இரண்டாவது, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை முன்வைத்துச் சுற்றாடல் அமைப்பொன்று நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனு. மூன்றாவது, அரசியல் முடிவு: ஜனாதிபதி சிறிசேன 2016 மே மாதம் இந்தியா சென்றபோது, நிலக்கரிக்குப் பதிலாக இயற்கை எரிவாயு வேண்டும் என்ற விருப்பத்தைப் பிரதமர் நரேந்திர மோடியிடம் தெரிவித்தார்.

2016 செப்டம்பர் 13 அன்று, சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படமாட்டாது என்று அரசு தரப்பு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. எட்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 21 அன்று, இலங்கை பாரிஸ் காலநிலை உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. எனவே எந்த ஒருவரையும் 'நிறுத்தியவர்' என்று கொண்டாடுவது சரியாகாது. ஆனால் வரிசையில் முதலில் நின்றவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், ஊர்மக்கள் என்றே சொல்வேன்.

அப்படியென்றால் நீதிமன்றம் 'நிலக்கரி கூடாது' என்று தீர்ப்பளித்துவிட்டதுதானே?

இல்லை. இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். அரசு தானாகவே கைவிடுவதாகச் சொன்னதால் வழக்கின் தேவை முடிந்தது. சுற்றாடல் அறிக்கை குறைபாடுடையதா, சம்பூருக்கு நிலக்கரி பொருந்துமா என்ற கேள்விகளை ஆராய்ந்து நீதிமன்றம் விடை தரவில்லை. ஆகவே இன்னோர் ஊரில் இன்னொரு நிலக்கரித் திட்டம் வந்தால், 'சம்பூர்த் தீர்ப்பு' என்று எடுத்துக்காட்ட எதுவும் கையில் இராது. அந்த ஊர் மக்கள் தொடக்கத்திலிருந்தே வாதிட வேண்டியிருக்கும்.

சம்பூர் கட்டப்பட்டிருந்தால் 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்திருக்காது என்கிறார்களே, அது உண்மையா?

இந்த வாதத்தைப் பொறியியலாளர்கள் சிலரும் சொல்வதால் அலட்சியப்படுத்தக் கூடாது. 500 மெகாவாட் கூடுதலாக இருந்திருந்தால் எண்ணெய் நிலையங்களின் தேவை குறைந்திருக்கும் என்பது கணக்கின்படி சரி. 2016 மார்ச் 13 அன்று நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோதும் இதே வாதம் எழுந்தது; ஆனால் அன்று பழுதானது மின்மாற்றியும் பரிமாற்ற அமைப்பும். இன்னொரு பெரிய நிலையம் இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

2022இன் காரணம் வேறு. நாட்டிடம் டொலர் இல்லை. எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே பணத்துக்காகக் காத்து நின்றன. நிலக்கரியும் டொலர் கொடுத்து வாங்கும் பொருளே. உக்ரைன் போருக்குப் பின் அந்த ஆண்டில் அதன் உலக விலையும் பன்மடங்காக ஏறியது. சம்பூர் இருந்திருந்தால் மின்வெட்டின் நேரம் சற்றுக் குறைந்திருக்கலாம். நாளொன்றுக்கு மேலும் 4,900 தொன் இறக்குமதி எரிபொருளை வாங்க வேண்டிய கட்டாயமும் அதனோடு வந்திருக்கும்.

நிலக்கரிக்குப் பதிலாக எரிவாயு நிலையம் தருவதாகச் சொன்னார்களே, அது வந்ததா?

சம்பூருக்கு வரவில்லை. 2017 ஏப்ரலில் இரு நாடுகளும் செய்துகொண்ட புரிந்துணர்வில் 500 மெகாவாட் திரவ இயற்கை எரிவாயு நிலையமும், சம்பூரில் சூரிய மின் நிலையமும் இடம்பெற்றன. எரிவாயுத் திட்டத்தின் பேச்சு மேற்குக் கரையின் கெரவலப்பிட்டியை நோக்கி நகர்ந்தது. சம்பூருக்கு எஞ்சியது சூரிய மின் நிலையம். அதற்கான ஒப்பந்தம் 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. பிரதமர் மோடி இலங்கை வந்திருந்தபோது, 2025 ஏப்ரல் 5 அன்று, அவரும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தின் பணிகளைக் காணொளி வழியாகத் தொடக்கி வைத்தனர். கட்டுவது அதே இரு பங்காளிகளின் கூட்டு நிறுவனம்.

சூரிய மின்சாரம் நல்லதுதானே? இனியும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

சூரிய மின்சாரத்தைக் குறை சொல்லவில்லை. சாம்பல் இல்லை, சுடுநீர் இல்லை, தூசி இல்லை. கடற்றொழிலாளரின் கடல் தப்பியது. இவை பெரிய ஆதாயங்கள், போராடிப் பெற்றவை. ஆனால் இரண்டு உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, மின்சார அளவு: 120 மெகாவாட் சூரிய நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி அலகு (கிலோவாட் மணி) மின்சாரம் தரும், 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் முக்கால் திறனில் ஓடினால் 328 கோடி அலகு. 'நிலக்கரிக்கு ஈடாகச் சூரியன்' என்று மேடையில் சொல்வது எளிது. பதினாறில் ஒரு பங்கைத்தான் ஈடு என்கிறோம். மீதியைக் கூரைச் சூரியத்தகடுகளும் மன்னார்க் காற்றும் நீர்மின்சாரமும் நிரப்ப வேண்டும்.

இரண்டாவது, காணி. ஒரு மெகாவாட் சூரியத்தகடுகளுக்கு நான்கு ஏக்கருக்கு மேல் வேண்டும். 120 மெகாவாட்டுக்கு என்று பெருக்கிப் பாருங்கள். நிலக்கரிக்காக ஒதுக்கிய ஏறக்குறைய 500 ஏக்கர் நிலம் வரும். திட்டம் அமைவதும் அந்த நிலத்திலேயே. எரிபொருள் மாறியது, காணியின் நிலை மாறவில்லை. நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்ட அன்றே, அதற்காக ஒதுக்கிய காணியில் யாருக்கு உரிமை இருந்தது, எவ்வளவு நட்டஈடு வழங்கப்பட்டது, திருப்பிக் கொடுக்கக்கூடியது எவ்வளவு என்று மீளாய்வு செய்திருக்க வேண்டும் என்பதே என் குறை. அதைச் செய்த பிறகு சூரிய நிலையத்துக்கு மக்களிடமே காணி கேட்டிருக்கலாம். குத்தகை வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு கொடுத்திருக்கலாம்.

இனிமேல் திரும்ப நிலக்கரி என்று வருவார்களா?

2021 செப்டம்பரில், ஐக்கிய நாடுகளின் எரிசக்தி உரையாடலில், புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டுவதில்லை என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசு அறிவித்தது. அது ஒரு கொள்கை அறிவிப்பு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய தடைச்சட்டம் அன்று. நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை என்பதை மேலே பார்த்தோம். ஆனாலும் இன்று புதிய நிலக்கரி நிலையத்துக்குக் கடன் கொடுக்க முன்வரும் வங்கிகள் மிகக் குறைவு. வெளிநாட்டில் புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டுவதில்லை என்று சீனாவும் அதே மாதத்தில் அறிவித்தது. சம்பூரில் அது திரும்ப வரும் சாத்தியம் மிகக் குறைவு என்றே கருதுகிறேன்.

எங்கள் குடும்பத்தின் காணி அந்த 500 ஏக்கருக்குள் இருந்தது. இப்போது என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் உரிமை எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்: உறுதிக் காணியா, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரமா, அளிப்பா, அல்லது ஆவணமின்றிப் பரம்பரையாகச் செய்கை பண்ணிய காணியா. 2006இல் ஆவணங்களை இழந்தவர்கள் உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திர விவரத்தைப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். அடுத்து, 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் உங்கள் காணிக்கு அறிவித்தல் வந்ததா, வந்திருந்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று பாருங்கள். 2ஆம் பிரிவு அறிவித்தல் என்பது அந்தப் பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டும் என்பதை மட்டும் தெரிவிப்பது. 7ஆம் பிரிவு நட்டஈட்டுக் கோரிக்கையைக் கேட்பது. 38ஆம் பிரிவு உடைமையை எடுப்பது. நட்டஈடு செலுத்தப்படாமலும், பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்படாமலும், மேம்பாடு எதுவும் செய்யப்படாமலும் இருக்கும் காணியை உரியவரின் இசைவோடு திருப்பிக் கொடுக்க 38அ பிரிவு இடம் தருகிறது. சூரிய நிலையத்தின் கட்டுமானம் உங்கள் துண்டுக்கு வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்; அப்போது எஞ்சுவது நட்டஈட்டுக் கோரிக்கை.

எந்த நிலையில் உங்கள் காணி இருக்கிறது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் மூதூர்ப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் கிராம அலுவலர் பிரிவு, காணியின் நான்கு எல்லைகள், அனுமதிப்பத்திர அல்லது உறுதி இலக்கம், உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு விவரம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்; ஒப்படைத்த விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.